வைராக்கியத்தின் வேர்

ஜூன் 3, திங்கள்

முத்துவடுகநாதன் ஐயா சென்னையிலிருந்து பேசினார். அகராதியில் 'வை' வரிசையை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். வைகல், வைகறை, வைக்கோல், வைப்பு, வையம் என்று போனால் வைராக்கியத்தில்தான் பாதி வேலை. "அதுக்கு மட்டும் கொஞ்சம் விரிவா வேணும் டார்க்கஸ் அம்மா. எங்க பிறந்து எங்க வந்து நிக்குதுன்னு எழுதுங்க. ஜூலை முடியறதுக்குள்ள அனுப்பிருங்க" என்றார். நான் கல்லூரியிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தபின், வாரத்துக்கு ஒருமுறையாவது என்னோடு பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான். அதுவும் சொற்களைப் பற்றி மட்டும்.

காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டேன். என் தொட்டி, அடுத்த வீட்டுத் தொட்டி இரண்டும் நிறைய இருபது நிமிஷம். ஸ்விட்ச் என் பக்கம் இருப்பதால் இது என் வேலை.

புளி தீர்ந்துவிட்டது.

ஜூன் 5, புதன்

பேச்சு வழக்குக்கு ஒரு சான்று வேண்டுமே என்று பால்காரர் சுடலைக்கண்ணுவிடம் கேட்டேன். "வைராக்கியம்னா என்னன்னு சொல்வீங்க?"

கேனைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "நீங்க உங்க தம்பிகிட்ட இத்தன வருஷமாப் பேசாம இருக்கீயல்லா டீச்சர். அதான்."

பாத்திரத்தை நீட்டினேன். ஊற்றிவிட்டுப் போனார். சீட்டில் எழுதியது: 'பிடிவாதம், எடுத்த முடிவை விடாத உறுதி. பேச்சு வழக்கு, பாளையங்கோட்டை.' எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதவில்லை. வேறு நல்லதாகக் கிடைக்கும்.

ஜூன் 6, வியாழன்

இன்று முழுக்க வேர். வடமொழியில் ராகம் என்றால் முதலில் நிறம், சாயம். துணியில் சாயம் ஏறுவதுபோல மனத்தில் ஏறுவது எல்லாம் பிறகு ராகம் ஆயிற்று: ஆசை, பற்று, காதல். 'வி' சேர்ந்தால் நீக்கம். விராகம் என்றால் சாயம் போனது. அதிலிருந்து வைராக்கியம். பற்று அற்ற நிலை, துறவிக்கு உரியது.

ஆக, பிறந்த இடத்தில் அது ஆசை இல்லாமை. நம் ஊரில் வந்து நிற்கிற இடத்தில் அது ஆசையைவிடச் சூடானது. ஒரு சொல் இப்படித் தலைகீழாகத் திரும்பிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. மதியம் சாப்பிட மறந்துவிட்டேன். நாலு மணிக்கு மோர் சாதம்.

ஜூன் 9, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் முழுக்க வைராக்கியம்தான், எனக்காகவே வைத்ததுபோல. சபைப் போதகர் ஐயர் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் பீடத்தின் விளிம்பைத் தட்டினார். நம் சபைத் தமிழில் அதற்குக் கொழுந்துவிட்டு எரியும் பக்தி என்று பொருள். துறவியிடம் அணைந்த தீ, நம்மிடம் எரிகிற தீ. மூன்றாவது சீட்டு ஆயிற்று.

அடுத்த வீட்டுக்காரன் ஆண்கள் பக்கம் ஐந்தாவது வரிசையில். அவன் இளைத்திருக்கிறான். அது என் கவலை இல்லை. கூட்டம் வெளியே வரும்போது நான் எப்போதும்போல வடக்கு வாசலால் வந்தேன். அவனும் மனைவியும் தெற்கு வாசல்.

ஜூன் 12, புதன்

சாரல் காற்று. சீட்டுகள் பறந்துவிட்டன. பொறுக்கி அடுக்கவே பகல் போயிற்று.

ஜூன் 14, வெள்ளி

காலை எட்டரை இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழுகிற சத்தம். பிறகு தம்பி மனைவி சுகந்தியின் குரல், "என்னங்க, என்னங்க" என்று. ஜெயசீலனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

நான் ஜன்னலில் நின்றேன். ஆம்புலன்ஸ் வந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே காம்பவுண்டு, ஒரே கேட். கேட்டின் இரண்டாவது கதவு துருப்பிடித்துப் போய் எளிதில் திறக்காது. போய்த் தூக்கித் திறந்துவிட்டேன். அவனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தானா என்று தெரியவில்லை.

சுகந்தி ஏறும்போது திரும்பி, "மைனி, வீட்டப் பாத்துக்கிடுங்க" என்றாள். தலையாட்டினேன்.

அவர்கள் பிள்ளை பெங்களூரில் இருக்கிறாள். தகவல் போயிருக்கும். அவர்கள் அடுப்பில் உலை வைத்தபடி இருந்தது. அணைத்துவிட்டு, பூட்டி, சாவியை நான் வைத்திருக்கிறேன். அந்த வீட்டுக்குள் கால் வைத்தது பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு. அப்பா படத்தை இடம் மாற்றியிருக்கிறார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

மூளையில் ரத்தக் குழாய் அடைப்பாம். வலது கை கால் விழுந்துவிட்டது. சுடலைக்கண்ணு சொன்னார். கோயிலுக்குப் போகவில்லை.

ஜூன் 17, திங்கள்

இரண்டு தொட்டிக்கும் தண்ணீர் ஏற்றினேன். ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கு என்று பாதியில்தான் தோன்றியது.

வேலை ஓடவில்லை. 'வைரம்' என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதற்குத் தீராத பகை என்றும் பொருள் உண்டு. மரத்தின் நடுவில் இறுகிப்போன கட்டையையும் வயிரம் என்கிறோம். வைராக்கியம் என்ற சொல்லைக் கேட்கிறவர்கள் காதில் இந்த இரண்டும் கலந்து விழுகிறதோ? அதனால்தான் பொருள் திரும்பியதோ? என் ஊகம்தான். ஐயாவிடம் கேட்க வேண்டும்.

இந்த நோட்டில் இதுவரை காரணத்தை எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன். இரண்டாயிரமாவது வருஷம் ஜனவரியில், எங்கள் துறையில் இருந்த குற்றாலலிங்கம் சார் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். எனக்கு முப்பத்துநாலு. வேறு மதம், வேறு சாதி. ஜெயசீலன் கல்லூரி வாசலுக்கு வந்து, எல்லார் முன்னாலும் அவரைப் பேசக்கூடாத பேச்சு பேசினான். அவர் அடுத்த வாரமே மதுரையில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். அதோடு முடிந்தது. நான் ஜெயசீலனோடு பேசுவதை நிறுத்தினேன். அம்மா இறந்தபோதுகூடப் பேசவில்லை.

அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 24, திங்கள்

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மாலை சுகந்தி வந்தாள். என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். வாசலில் நின்று, நாலு வார்த்தை.

"மைனி, அவுகளுக்குப் பேச்சு வரமாட்டேங்கு. நாம சொல்றது எல்லாம் விளங்குது. என்ன சொல்லணும்னும் தெரியுது. வார்த்ததான் வரமாட்டேங்கு. எதக் கேட்டாலும் குடைங்காக."

"குடையா?"

"தண்ணி வேணும்னாலும் குடை. என்னயக் கூப்பிடணும்னாலும் குடை. சொல்லிட்டு, தப்புன்னு அவுகளுக்கே தெரிஞ்சு அழுதாக." ஆஸ்பத்திரியில் கொடுத்த பட அட்டைக் கட்டை என் முன்னால் வைத்தாள். "படத்தக் காட்டிப் பேரு சொல்லச் சொல்லணுமாம். தினம் ரெண்டு தடவ. நான் பன்னெண்டாவதுகூடத் தாண்டாதவ. நீங்க வார்த்தையோடயே இருக்கவுக. வந்து சொல்லிக் குடுங்க மைனி. பேச வேண்டாம். படத்த மட்டும் காட்டுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 26, புதன்

போனேன். கட்டிலில் தலையணை அணைவாக உட்கார்த்திவைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இடது கையால் வேட்டியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டான். தலை முழுக்க நரைத்திருக்கிறது. ஐம்பது வயது, அறுபத்தைந்து சொல்லலாம்.

அட்டையை எடுத்துக் காட்டினேன். பசு. அவன் என்னையே பார்த்தான். "சுகந்தி, அட்டையப் பாக்கச் சொல்லு" என்றேன். பார்த்தான். உதடு கூடிக் கூடிப் பிரிந்தது. "கு… குடை."

அடுத்தது நாற்காலி. குடை. அடுத்தது விளக்கு. குடை. அதற்கடுத்த அட்டை குடையே. நெடுநேரம் பார்த்துவிட்டு "பசு" என்றான். சுகந்தி சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான், ஒரு பக்கம் மட்டும். நான் அட்டைகளை அடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

தினம் காலை பத்து, மாலை ஐந்து. நான் அட்டை காட்டுகிறேன். சுகந்தி கேட்கிறாள். அவன் சொல்கிறான். பசு, கிண்ணம், கதவு மூன்றும் இப்போது சரியாக வருகின்றன.

ஸ்பீச் தெரபி சொல்லிக்கொடுக்கும் நஸ்ரின் வந்திருந்தாள். கொஞ்ச நேரம் கவனித்தாள். "நீங்க ஏன் மேடம் அவர்கிட்ட நேராப் பேச மாட்டேங்கிறீங்க?"

சுகந்தி சுவரைப் பார்த்தாள்.

"முதல் மூணு மாசம்தான் நல்லாத் திரும்பும் மேடம். அதுக்கப்புறம் ரொம்ப மெதுவா ஆயிரும். சின்ன வயசிலேர்ந்து கேட்ட குரல்னா இன்னும் நல்லது."

ஜூன் 14-லிருந்து எண்ணினால் பதினெட்டு நாள் போய்விட்டது.

ஜூலை 6, சனி

பேச்சு வராதவர்களுக்கும் பாட்டு வருமாம். நஸ்ரின் சொன்னாள். சுகந்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், நானும் அவனும் மட்டும். சிறுவயதில் இருவரும் கோயில் பாடகர் குழுவில் இருந்தோம். நான் முதல் குரல், அவன் இரண்டாவது. பாடுவது பேசுவது ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸ் கீதம் ஒன்றை மெதுவாக எடுத்தேன், ஜூலை மாதத்தில்.

இரண்டாவது அடியில் சேர்ந்துகொண்டான். ஒரு சொல் தவறவில்லை. பசுவைக் குடை என்கிறவன் நாலு சரணத்தையும் தன் குரலில், தன் இடத்தில் பாடினான். முடிந்ததும் மூச்சு வாங்கியது. ஜன்னல் பக்கம் கையைக் காட்டி "குடை, குடை" என்றான். அங்கே செம்பு இருந்தது.

"தண்ணியா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவன் செம்பைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பாதி கழுத்தில் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

இப்போது நேராகவே கேட்கிறேன். "இது என்னடா?" வேறு பேச்சு இல்லை. நான் போகும்போது சுகந்தி காப்பி தயாராக வைத்திருக்கிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

ஐயாவிடம் 'வைரம்' ஊகத்தைச் சொன்னேன். "ஓசை ஒத்துப்போனா வேர் ஆயிடாது அம்மா. ஆனா ஜனங்க காதுல கலந்திருக்கலாம். கேள்விக்குறி போட்டுக் குறிப்பாப் போடலாம்" என்றார். பிறகு, "மயான வைராக்கியத்தையும் சேர்த்துருங்க" என்றார். சுடுகாட்டில் நிற்கும்போது இனி எதுவும் வேண்டாம் என்று தோன்றுமே, வீட்டுக்கு வந்து குளித்ததும் போய்விடுமே, அது.

"எல்லா வைராக்கியமும் அப்படிப் போயிடறதில்ல இல்லையா?" என்று கேட்டார், பேச்சுவாக்கில்.

"வருஷக்கணக்கா இருக்கிறதும் உண்டு ஐயா" என்றேன்.

"அப்ப அது பற்றில்லாம இருக்கறது இல்லம்மா. பற்று மாட்டிக்கிட்டு இருக்கறது. அதுக்கு ஒரு சான்று கிடைச்சா நல்லது."

பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 18, வியாழன்

ஜூன் 17-ல் எழுதியதில் ஒரு வரி சரியில்லை. 'அதோடு முடிந்தது' என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. மதுரை போய்ப் பத்தாம் நாள் லிங்கம் சார் எனக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 12, சனிக்கிழமை, நான் வந்தால் மதுரை பஸ் நிலையத்தில் தன் அக்காவோடு காத்திருப்பதாக. வராவிட்டால் அதுவே பதில் என்று எடுத்துக்கொள்வதாக. கல்லூரி முகவரிக்கு வந்தது. யாருக்கும் தெரியாது.

போனேன். திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு வரை. மதுரை பஸ் மூன்று என் கண்முன்னால் புறப்பட்டது. நாலாவது வரும் முன் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லலாம். அம்மா நன்றாகத்தான் இருந்தாள். எனக்குப் பயம். அந்த ஊர் தெரியாது, அந்த வீட்டுச் சமையல் தெரியாது, அவரோடு ஒரு சினிமாவுக்குக்கூடப் போனதில்லை. அதெல்லாம் சேர்ந்து ஒரு பயம். அவ்வளவுக்குத்தான் இருந்தது என் காதல்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். ஜெயசீலன் அன்று சாயங்காலம் வந்து, "அக்கா, காப்பி இருக்கா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அன்றுதான் நான் அவனோடு பேசுவதை நிறுத்தியது. அவன் கல்லூரி வாசலில் பேசிய நாளில் இல்லை.

ஜூலை 20, சனி

காலையில் இருபது அட்டையில் பதினொன்று சரி. இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவும் வருகிறது. சுகந்தி ரேஷன் கடைக்குப் போனாள். அட்டைகளைக் கீழே வைத்தேன்.

"ஜெயசீலா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ பதில் சொல்ல வேண்டாம்" என்றேன். அவனால் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் எனக்குத் தைரியம் வந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

"உன்னாலதான் எல்லாம் போச்சுன்னு இத்தன வருஷம் இருந்துட்டேன். அது இல்ல. அவர் மதுரைக்கு வரச்சொல்லி லெட்டர் போட்டாரு. நான் ஜங்ஷன் வரைக்கும் போயிட்டு, பஸ் ஏறாமத் திரும்பிட்டேன். நீ பேசினது தப்புதான். ஆனா போகாதது நான்."

அவன் உதடு கூடியது.

"பாத்தேன்."

தவறான சொல் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். "என்னத்தப் பாத்த?"

"பஸ்ஸு… நீ." மூச்சு வாங்கினான். "பச்ச… பேக்கு."

கல்லூரியில் பெண்கள் விடுதிக் கடையில் வாங்கிய பச்சைத் துணிப்பை. இரண்டு சேலை, சான்றிதழ்கள். அதைப் பற்றி நான் இந்த நோட்டில்கூட எழுதவில்லை. அப்போது அவன் வேலை பார்த்த மருந்துக்கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில் இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறான்.

"என்னயத் தடுக்க வந்தியா?"

இல்லை என்று தலையாட்டினான். மூன்று பஸ் போகிற வரை, கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு, வராமல் நின்றிருக்கிறான். நான் ஏறியிருந்தால் போயிருப்பேன். யாரும் குறுக்கே நிற்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? ஒரு தடவ சொல்லியிருந்தா நான் வாயடைச்சுப் போயிருப்பேனே" என்று கேட்டேன்.

முயன்றான். குடை என்றான். கதவு என்றான். இரண்டும் இல்லை என்று கையால் தன் தொடையில் அடித்துக்கொண்டான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பத்தொன்பது வருஷம் அவனிடம் சொல் இருந்தது. நான் கேட்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

'வைராக்கியம்' பதிவை முடித்து ஐயாவுக்கு அனுப்பினேன். நான்கு பொருள், வேர், ஒலி பற்றிய குறிப்பு கேள்விக்குறியோடு. பேச்சு வழக்குக்குச் சுடலைக்கண்ணு சொன்னதை ஆள் தெரியாதபடி மாற்றி எடுத்துக்காட்டாகப் போட்டேன்: 'அக்காள் தம்பியோடு பத்தொன்பது வருஷம் வைராக்கியமாய்ப் பேசாமல் இருந்தாள்.'

மாலை ஐயா போனில், "சான்று நல்லா இருக்கு. எங்க பிடிச்சீங்க?" என்றார்.

"பக்கத்து வீட்டுல" என்றேன்.

ஜூலை 25, வியாழன்

மறுபடி கேட்டேன். வரவில்லை. அவனுக்குக் காய்ச்சல் கொஞ்சம். சுகந்தி இன்று விட்டுவிடுங்கள் என்றாள்.

ஜூலை 27, சனி

காய்ச்சல் இல்லை. நான் போனபோது ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தான். அட்டைகளை எடுத்தேன். வேண்டாம் என்று தள்ளினான். காலையிலிருந்து ஒன்றைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று சுகந்தி சொன்னாள்.

"உனக்கு" என்றான். காத்திருந்தேன். "கோவப்பட." கண்ணை மூடி, திறந்தான். "ஒரு… ஆளு." பிறகு இடது கையைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினான்.

சுகந்தி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அவன் சட்டையின் வலதுகைப் பொத்தான் கழன்று தொங்கியது. போட்டுவிட்டேன். மணிக்கட்டு குளிர்ந்திருந்தது, கொஞ்ச நேரம் தேய்த்துக் கொடுத்தேன். அதற்கு மேல் இருக்க முடியாமல் எழுந்து வந்தேன்.

வீட்டைத் திறந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமும் இந்த வீட்டில் நான் தனியாக இருந்ததாக எண்ணியிருந்தேன். இல்லை, என்னோடு அவன்மேல் உள்ள கோபமும் இருந்தது. சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, அதனோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். இன்று அதுவும் இல்லை. சுவர்க் கடிகாரம்கூட நின்றுபோயிருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

அரைமணி நேரம் அப்படியே இருந்தேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்ப அங்கேயே போனேன்.